உயிர் ஏட்டுக்கு ஒட்டுப் போடும் கிருமிகள்

ஒரு புத்தகம் இருக்கிறது. அதில் 300 கோடி எழுத்துக்கள். முக்கியமான இடத்தில் ஓர் எழுத்துப் பிசகினாலும் புத்தகத்தின் சொந்தக்காரர் உயிருக்கே ஆபத்து வரலாம். இவ்வளவு அருமையான புத்தகத்தை எந்த மையில் எழுதியிருக்கிறது தெரியுமா? தினந்தோறும் ஆயிரக் கணக்கில் எழுத்துக்கள் தாமாகவே உதிர்ந்து போகிற மையில்! உதிராத எழுத்துக்களில் சில வெயில் பட்டதும் பக்கத்து எழுத்தோடு ஒட்டிக்கொள்கின்றன. சில துருப்பிடிக்கின்றன. இன்னும் சில, யாரும் தொடாமலே வேறோர் எழுத்தாக வேஷம் மாறிவிடுகின்றன.

இப்படிப்பட்ட புத்தகத்தை எழுபது எண்பது வருஷம் வைத்துக் காப்பாற்ற முடியுமா? "எழுபது நாள்கூடத் தாங்காது" என்றுதான் சொல்வீர்கள். ஆனால் அந்த அசாத்தியமான காரியத்தை நீங்கள் இந்த நிமிஷம் செய்துகொண்டிருக்கிறீர்கள், நேயர்களே! உங்கள் உடம்பிலே கோடானுகோடி உயிரணுக்கள் இருக்கின்றன. அவற்றில் பலவற்றின் உள்ளே அந்தப் புத்தகத்தில் இரண்டு பிரதிகள் உண்டு. ஒன்று தாய் கொடுத்தது. மற்றது தந்தை கொடுத்தது. அதற்கு விஞ்ஞானிகள் வைத்திருக்கும் பெயர் டி.என்.ஏ.

உதிர்ந்த எழுத்தைப் பொறுக்கி, மாறிய எழுத்தைத் திருத்தி, ஒட்டிய எழுத்தைப் பிரித்து வைக்க நமக்குள்ளே ஒரு பெரிய பட்டறை இரவும் பகலும் நடக்கிறது. அந்தப் பட்டறையின் ரகசியத்தை நமக்கு முதலில் காட்டிக் கொடுத்தவர் யார்? பெரிய பெரிய மிருகங்கள் அல்ல. கண்ணுக்குத் தெரியாத கிருமிகள்!

குடலில் குடியிருக்கும் குரு

கிருமி என்றதும் முகத்தைச் சுளிக்க வேண்டாம். எல்லாக் கிருமிகளும் பகைவர்கள் அல்ல. பால் தயிராவதும் இட்லி மாவு பொங்குவதும் கிருமிகளின் கைங்கரியந்தான். 1885-ஆம் வருஷம் தியோடார் எஷரிக் என்ற குழந்தை வைத்தியர், கைக்குழந்தைகளின் மலத்தைப் பரிசோதித்தபோது ஒரு கிருமியைக் கண்டார். பிற்காலத்தில் அவர் பெயரையே அதற்குச் சூட்டி 'எஷரிக்கியா கோலி' என்றார்கள். செல்லமாக 'ஈ. கோலி'. நம்மில் பெரும்பாலோர் குடலில் அது குடியிருக்கிறது. அதன் சில வகைகள் வயிற்றுப் போக்கை உண்டாக்கும் என்பது உண்மையே, பெரும்பாலானவை சாது.

இந்தக் கிருமியின் நீளம் ஒரு மில்லிமீட்டரில் ஐந்நூறில் ஒரு பாகம். வசதியான இடத்தில் இருபது நிமிஷத்துக்கு ஒரு முறை இரண்டாகப் பிரியும். அதன் டி.என்.ஏ. புத்தகம் சின்னது, சுமார் 46 லட்சம் எழுத்துக்கள்தாம். ஆகவே ஆராய்ச்சிக்காரர்களுக்கு இதைவிட நல்ல குரு கிடைக்கவில்லை.

டி.என்.ஏ.யின் பாஷையில் மொத்தம் நான்கே எழுத்துக்கள்: அடினைன், தைமைன், குவானைன், சைட்டோஸின். ஏடு ஒற்றை ஏடு அல்ல. இரண்டு இழைகள் முறுக்கிய கயிறு. ஓர் இழையில் அடினைன் இருந்தால் எதிர் இழையில் தைமைன் இருக்கும். குவானைன் இருந்தால் எதிரே சைட்டோஸின். கல்யாணப் பொருத்தம் மாதிரி இந்த ஜோடிகள் மாறுவதில்லை. 1953-ஆம் வருஷம் வாட்ஸன், கிரிக் என்ற இருவர் இந்த அமைப்பை வெளியிட்டபோது உலகமே வியந்தது.

இந்த ஜோடிப் பொருத்தத்தில் ஒரு பெரிய சௌகரியம் உண்டு. ஓர் இழையில் எழுத்து கெட்டுப் போனாலும் எதிர் இழையைப் பார்த்து, "இங்கே இன்ன எழுத்துத்தான் இருந்திருக்க வேண்டும்" என்று தெரிந்துகொள்ளலாம். பத்திரத்துக்கு நகல் எடுத்துப் பெட்டியில் வைத்திருப்பது போல. பழுது பார்க்கும் கலை பெரும்பாலும் இந்த நகலை நம்பித்தான் நடக்கிறது.

ஜன்னல் ஓரத்து அதிசயம்

டி.என்.ஏ.யின் உருவமே தெரியாத காலத்தில், பழுது பார்க்கும் வேலை ஒன்று நடக்கிறது என்பதற்கு முதல் தடயம் கிடைத்துவிட்டது. அது ஒரு துப்பறியும் கதை.

அமெரிக்காவில் நியூயார்க்குக்குச் சமீபத்தில் கோல்டு ஸ்பிரிங் ஹார்பர் என்ற இடத்தில் ஓர் ஆராய்ச்சிசாலை இருக்கிறது. அங்கே 1940-களின் கடைசியில் ஆல்பர்ட் கெல்னர் என்பவர் வேலை பார்த்தார். க்ஷயரோகத்துக்கு மருந்தான ஸ்ட்ரெப்டோமைஸினைத் தரும் கிருமியின் மீது புற ஊதாக் கிரணங்களைப் பாய்ச்சுவது அவருடைய ஆராய்ச்சி. அந்தக் கிரணங்கள் பட்டால் கிருமிகள் பெரும்பாலும் மாண்டு போகும். தப்பிப் பிழைத்தவை எத்தனை என்று அவர் எண்ணிக் கணக்கு வைப்பார்.

கணக்கு உதைத்தது! ஒரே அளவு கிரணம், ஒரே அளவு நேரம்; ஆனால் ஒரு சமயம் சில கிருமிகளே பிழைத்தன; இன்னொரு சமயம் ஏராளமாகப் பிழைத்தன. கெல்னர் முதலில் உஷ்ணத்தைச் சந்தேகித்தார். கிருமிகளை வைக்கும் இடத்தின் உஷ்ண நிலையைப் பட்டம் பட்டமாக ஒழுங்குபடுத்திப் பார்த்தார். பலன் இல்லை. மாறுதல் இருந்துகொண்டே இருந்தது. கடைசியில் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. சில பாத்திரங்கள் ஜன்னலுக்குப் பக்கத்தில், வெளிச்சம் படும்படி இருந்தன. மற்றவை அப்படி இல்லை.

"வெளிச்சமா? இருக்குமா?" என்று பரிசோதித்தார். ஒரு பகுதிக் கிருமிகளை இருட்டில் வைத்தார். மற்றொரு பகுதியை நல்ல வெளிச்சத்தில் வைத்தார். இருட்டில் ஒன்று பிழைத்தால் வெளிச்சத்தில் லட்சக் கணக்கில் பிழைத்தன! இறந்தவை என்று கைகழுவிவிட்ட கிருமிகள் சாதாரண வெளிச்சம் பட்டு எழுந்து உட்கார்ந்தன. சஞ்சீவி பர்வதத்தின் காற்றுப் பட்டு வானர சேனை எழுந்த மாதிரி! 1949-ஆம் வருஷம் கெல்னர் இதை வெளியிட்டார்.

அதே வருஷத்தில், இத்தாலியிலிருந்து அமெரிக்கா வந்திருந்த ரெனாட்டோ டல்பெக்கோவும் இதே அதிசயத்தைக் கண்டார். கிருமிகளையே தின்று வாழும் 'ஃபேஜ்' என்ற நுண்ணுயிரை அவர் ஆராய்ந்துகொண்டிருந்தார். அவருடைய பரிசோதனையிலும் விளக்கு வெளிச்சம் பட்ட தட்டுகளில்தான் அதிகமாகப் பிழைத்தன. பிற்காலத்தில் வேறோர் ஆராய்ச்சிக்காக நோபல் பரிசு பெற்றவர் இவர்.

வெளிச்சம் எப்படி உயிர் கொடுக்கும்? விடை வரச் சுமார் பத்து வருஷம் பிடித்தது. புற ஊதாக் கிரணம் பட்டதும் டி.என்.ஏ.யில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு தைமைன்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. புத்தகம் நனைந்து இரண்டு பக்கம் ஒட்டிக்கொண்டால் படிக்க முடியுமா? பிரதி எடுக்க வரும் யந்திரம் அந்த இடத்தில் தடுக்கி நின்றுவிடும். கிருமி சாகும். அந்த ஒட்டைப் பிரித்துவிடுகிற ஒரு பொருள் கிருமிக்குள் இருக்கிறது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் சர்வகலாசாலையில் ஸ்டான் ரூபர்ட்டும் அவருடைய தோழர்களும் ஈ. கோலியை நசுக்கிச் சாறு எடுத்து, அந்தச் சாற்றையும் வெளிச்சத்தையும் சேர்த்துக் கண்ணாடிக் குழாயிலேயே கெட்டுப் போன டி.என்.ஏ.யைச் சரிப்படுத்திக் காட்டினார்கள். அது 1958-இல்.

இப்படி வேலை செய்யும் பொருள்களுக்கு 'என்ஸைம்' என்று பெயர். என்ஸைம்கள் பெரும்பாலும் புரதங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு தொழில்தான் தெரியும். ஆனால் அதை அபாரமாகத் தெரியும். ரூபர்ட் கண்ட என்ஸைமின் பெயர் ஃபோட்டோலையேஸ். நீல வெளிச்சத்தை வாங்கி, அந்தச் சக்தியைக் கொண்டு ஒட்டைப் பிளக்கிறது. எந்தச் சூரியன் கெடுத்ததோ அதே சூரியனைக் கொண்டு சீர் செய்துகொள்ளும் சாமர்த்தியம்! கங்காருவுக்குக்கூட இந்த என்ஸைம் உண்டு. மனிதனுக்குக் கிடையாது.

இருட்டிலும் வேலை நடக்கிறது

"அப்படியானால் வெயிலில் போகும் மனிதன் கதி என்ன?" என்று கேட்பீர்கள். இருட்டில் வைத்த கிருமிகளிலும் கொஞ்சம் பிழைத்தன அல்லவா? அவை எப்படிப் பிழைத்தன என்ற கேள்விக்கு 1964-இல் பதில் கிடைத்தது. ஓக் ரிட்ஜ், யேல், ஸ்டான்போர்டு ஆகிய மூன்று இடங்களில் வேலை செய்தவர்கள் ஏறக்குறைய ஒரே சமயத்தில் கண்டுபிடித்தார்கள். கிருமி, கெட்ட பகுதியை வெட்டி எடுத்து எறிந்துவிடுகிறது. அந்த இடத்தில் நகலைப் பார்த்துப் புதிய துண்டு நெய்துகொள்கிறது. கிழிந்த பட்டுப் புடவையில் ரஃபூ போடுகிறவர், நைந்த நூலைக் கத்தரித்துவிட்டுப் புது நூல் கோக்கிறாரே, அதே தொழில்.

இந்த வேலையைத் துல்லியமாக அளந்தவர் அஜீஸ் சன்ஜார். துருக்கியில் சவூர் என்ற சிற்றூரில் 1946-இல் பிறந்தவர். தாய் தந்தையருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எட்டுக் குழந்தைகளில் இவர் ஏழாவது. டாக்டருக்குப் படித்தார். பிறகு அமெரிக்கா சென்று அதே ரூபர்ட்டிடம் சிஷ்யராகச் சேர்ந்து, ஃபோட்டோலையேஸை ஆராய்ந்தார். பட்டம் பெற்ற பின் ஆராய்ச்சி வேலைக்கு மூன்று இடங்களில் மனுப் போட்டார், மூன்றிலும் நிராகரித்துவிட்டார்கள். கடைசியில் யேல் சர்வகலாசாலையில் பரிசோதனைக்கூட உதவியாளராக வேலைக்கு அமர்ந்தார். அந்தச் சிறிய உத்தியோகத்தில் தொடங்கிய ஆராய்ச்சியால், 1983-இல், ஈ. கோலியின் மூன்று புரதங்கள் ஒன்று சேர்ந்து கெட்ட இடத்தின் இரு பக்கமும் வெட்டி, 12 அல்லது 13 எழுத்து நீளமுள்ள துண்டைக் கழற்றுகின்றன என்று காட்டினார்.

மனிதருக்கும் இதே மாதிரி வெட்டி ஒட்டும் பட்டறை உண்டு. அது இல்லாமற் போனால் என்ன ஆகும் என்பதற்கு உருக்கமான சாட்சியம் இருக்கிறது. சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே வெயில் ஆகாது. கொஞ்சம் வெயில் பட்டாலும் தோல் வெந்து, கறுத்த புள்ளிகள் விழும். சின்ன வயதிலேயே தோலில் புற்றுநோய் வரும். 'ஸீரோடெர்மா பிக்மென்டோஸம்' என்ற அந்த நோயை வைத்தியர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அறிந்திருந்தார்கள்; காரணம் மட்டும் தெரியவில்லை. 1968-இல் ஸான்பிரான்ஸிஸ்கோவில் ஜேம்ஸ் கிளீவர் அந்தக் குழந்தைகளின் உயிரணுக்களைப் பரிசோதித்தார். கிருமிகளுக்குத் தெரிந்த வெட்டி ஒட்டும் வேலை அந்தக் குழந்தைகளின் உயிரணுக்களுக்குச் சரியாகத் தெரியவில்லை என்று கண்டார். அக்குழந்தைகள் வெயில் தாழ்ந்த பிறகுதான் விளையாட வெளியே வருகிறார்கள். பகலில் வந்தால் உடம்பு முழுவதும் மூடிக்கொண்டு வர வேண்டும். நாம் பொருட்படுத்தாமல் நடக்கிற வெயிலுக்குப் பின்னால் எத்தனை ரஃபூ வேலை நடக்கிறது என்பதை அவர்களைக் கண்டுதான் வைத்தியம் தெரிந்துகொண்டது.

புள்ளி உதிர்ந்த எழுத்து

வெயில் சரி, வெயிலே படாத குடலுக்குள் இருக்கும் டி.என்.ஏ.க்கு ஆபத்து இல்லையே? வெகு காலம் விஞ்ஞானிகள் அப்படித்தான் நினைத்தார்கள். டி.என்.ஏ. என்பது கல்வெட்டு மாதிரி உறுதியானது என்பது அவர்கள் நம்பிக்கை.

அந்த நம்பிக்கையைச் சந்தேகித்தவர் ஸ்வீடன் தேசத்து டோமாஸ் லிண்டால். பள்ளிக்கூடத்தில் ரசாயனப் பாடத்தில் ஒரு தடவை தோற்றவர். பிற்காலத்தில் ரசாயனத்துக்கே நோபல் பரிசு வாங்கியவர்! அவர் அமெரிக்காவில் பிரின்ஸ்டனில் ஆராய்ச்சி செய்தபோது, டி.என்.ஏ.யின் நெருங்கிய உறவான ஆர்.என்.ஏ. என்ற பொருளைச் சூடாக்க வேண்டியிருந்தது. சூடு பட்டதும் அது சிதைந்து போயிற்று. "ஆர்.என்.ஏ. இவ்வளவு மென்மையானால் டி.என்.ஏ. மட்டும் எப்படி ஆயுசு முழுவதும் அசையாமல் இருக்கும்?" என்ற எண்ணம் அவர் மனசைக் குடைந்துகொண்டே இருந்தது.

ஊர் திரும்பி ஸ்டாக்ஹோமில் அவர் பொறுமையாக அளந்தார். டி.என்.ஏ.யைத் தண்ணீரில் போட்டுச் சூடாக்கி, எவ்வளவு வேகத்தில் கெடுகிறது என்று கணக்கெடுத்தார். நம் உடம்புச் சூட்டில் என்ன ஆகும் என்றும் கணக்குப் போட்டார். கிடைத்த விடை திடுக்கிட வைத்தது. மனிதனின் ஓர் உயிரணுவில் நாளொன்றுக்குச் சுமார் 10,000 எழுத்துக்கள் வரை சும்மா இருக்கும்போதே உதிர்கின்றன! நூற்றுக் கணக்கான சைட்டோஸின்கள் வேறு எழுத்தாக மாறுகின்றன. விஷமும் வேண்டாம், கதிரும் வேண்டாம். உடம்பில் இருக்கிற தண்ணீரும் சூடும் போதும்.

லிண்டால் நேர்வழியில் யோசித்தார்: "இந்த வேகத்தில் கெட்டால் பூமியில் உயிர் என்பதே இருக்க முடியாது. ஆனால் உயிர் இருக்கிறது. ஆகவே சரி செய்யும் என்ஸைம்கள் இருந்தே தீர வேண்டும்." அதைத் தேடி அவர் போன இடம் நம் பழைய சிநேகிதன் ஈ. கோலி.

சைட்டோஸினுக்கு நேரும் விபத்து விசித்திரமானது. அதன் தலையில் ஒரு சின்ன அணுக் கூட்டம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தண்ணீர் பட்டு அது கழன்று போனால் சைட்டோஸின் 'யுராஸில்' என்ற வேறு எழுத்தாகிவிடும். தமிழில் மெய்யெழுத்தின் புள்ளி உதிர்ந்தால் என்ன ஆகிறது? 'கல்' என்று எழுதியது 'கல' என்றாகிறது. பழைய ஓலைச் சுவடிகளில் புள்ளி வைக்காமலே எழுதியதால் பதிப்பாசிரியர்கள் பட்ட பாடு கொஞ்சமா? சைட்டோஸினின் கதையும் அதுவே. குவானைனோடு ஜோடி சேர வேண்டிய எழுத்து, யுராஸில் ஆனதும் அடினைனோடு ஜோடி சேரும். அடுத்த பிரதியில் பிழை நிரந்தரமாகிவிடும்.

1974-இல் லிண்டால் அந்தப் பிழையைத் திருத்தும் என்ஸைமை ஈ. கோலியில் கண்டுபிடித்தார். டி.என்.ஏ.யில் யுராஸில் இருக்கிற இடத்தைத் தேடிப் பிடித்து, அந்த ஒரே எழுத்தை மட்டும் கொத்தி எடுத்துவிடுகிறது. பிறகு காரியம் வரிசையாக நடக்கிறது. வெற்றிடத்தைக் கண்டு இரண்டாவது என்ஸைம் இழையை வெட்டுகிறது. மூன்றாவது, எதிர் இழையிலுள்ள குவானைனைப் பார்த்து, "சைட்டோஸின் வர வேண்டும்" என்று சரியான எழுத்தை வைக்கிறது. நான்காவது, பற்ற வைக்கிற ஆசாரி போல இழையை இணைத்து மூடுகிறது. வேலை முடிந்த இடத்தில் வடுக்கூட இராது.

இங்கே இன்னொரு பழைய புதிரும் விடுபட்டது. ஆர்.என்.ஏ.யின் நான்கு எழுத்துக்களில் யுராஸிலும் ஒன்று. டி.என்.ஏ.யிலோ யுராஸிலுக்குப் பதில் தைமைன் இருக்கிறது. இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. யுராஸில் மீது 'மெதில்' என்ற ஒரு சிறு முடிச்சைப் போட்டால் அதுவே தைமைன். அந்த முடிச்சைப் போடக் கிருமி வீணாக ஏன் சிரமப்பட வேண்டும்?

சலவைக்காரர் துணியின் மூலையில் குறி போடுகிறார் அல்லவா? குறி இருந்தால் நம் வீட்டு வேட்டி. குறி இல்லாவிட்டால் எங்கிருந்தோ வந்து கலந்தது. அந்த முடிச்சும் சலவைக் குறிதான். குறி உள்ள எழுத்து தைமைன்: முறையாக வந்தது, தொட வேண்டாம். குறி இல்லாதது யுராஸில்: சைட்டோஸின் கெட்டு வந்தது, தூக்கி எறி! யுராஸிலே டி.என்.ஏ.யின் முறையான எழுத்தாக இருந்திருந்தால் எது அசல், எது போலி என்று எந்த என்ஸைமாலும் சொல்லியிருக்க முடியாது.

என்ஸைம் அந்தக் குறியை எப்படிப் பார்க்கிறது? அதற்குக் கண் ஏது? 1990-களில் எக்ஸ்-ரே கொண்டு அதன் உருவத்தைப் படம் பிடித்தார்கள். என்ஸைம் டி.என்.ஏ. கயிற்றின் மேல் ஊர்ந்து போகிறது. அங்கங்கே கிள்ளிப் பார்க்கிறது. சந்தேகமான எழுத்தைக் கயிற்றிலிருந்து வெளியே புரட்டித் தன் உடம்பிலுள்ள ஒரு பைக்குள் செருகிக்கொள்கிறது. அந்தப் பை யுராஸிலின் அளவுக்குத் தைத்த சட்டை மாதிரி. யுராஸில் கச்சிதமாக நுழையும். நுழைந்ததும் வெட்டுண்டு போகும். தைமைன் நுழையாது, மெதில் முடிச்சு வாசலில் இடிக்கும். பூட்டும் சாவியும் போன்ற இந்தப் பொருத்தத்தால் லட்சக் கணக்கான நல்ல எழுத்துக்களுக்கு நடுவே ஒரு கெட்ட எழுத்து அகப்பட்டுக்கொள்கிறது.

ஒரே ஒரு முறை வேலை செய்யும் தியாகி

எல்லாப் பழுதுக்கும் வெட்டு ஒட்டு வேண்டியதில்லை. சில ரசாயனங்கள் குவானைனின் மேல் தேவையில்லாத இடத்தில் ஒரு மெதில் முடிச்சைப் போட்டுவிடும். புகையிலைப் புகையிலும் இப்படிச் செய்யும் பொருள்கள் உண்டு. முடிச்சு விழுந்த குவானைன் தன் ஜோடியை மறந்து தைமைனோடு சேரத் தொடங்கும்.

1977-இல் லியோனா ஸாம்ஸனும் ஜான் கெய்ர்ன்ஸும் ஒரு வேடிக்கையைக் கண்டார்கள். ஈ. கோலிக்கு இப்படிப்பட்ட விஷத்தைத் துளித் துளியாகக் கொஞ்ச நேரம் கொடுத்துப் பழக்கினால், பிறகு பெரிய அளவில் கொடுத்தாலும் அது தாங்கிக்கொண்டது. ஏதோ ஒரு காவல்படை உள்ளே தயாராகியிருக்கிறது!

அந்தப் படையின் வீரனுக்கு 'அடா' என்று பெயர். தமிழ் விளிச்சொல் அல்ல. அந்தப் புரதத்தின் பெயரே அதுதான். அது முடிச்சு விழுந்த குவானைனிடம் போய், முடிச்சைக் கழற்றித் தன் மேலேயே போட்டுக்கொள்கிறது. குவானைன் அந்தக் கணமே பழையபடி ஆகிவிடும். ஆனால் போட்டுக்கொண்ட முடிச்சை 'அடா'வால் இனிக் கழற்ற முடியாது. அந்த வேலையை மறுபடி அதனால் செய்யவும் முடியாது. ஒரு புரதம், ஒரு முடிச்சு, அதோடு சரி. மற்ற என்ஸைம்கள் ஆயிரம் தடவை வேலை செய்யும். இது ஓர் எழுத்துக்காகத் தன்னையே பலி கொடுக்கிறது.

அத்துடன் முடியவில்லை. டி.என்.ஏ.யின் முதுகெலும்பில் விழும் முடிச்சுக்களையும் அது தன் உடம்பின் இன்னோர் இடத்தில் வாங்கிக்கொள்ளும். அங்கே முடிச்சு விழுந்ததும் அது தூதனாக மாறுகிறது. "ஆபத்து வந்துவிட்டது, என்னைப் போல் இன்னும் பல பேரைத் தயார் செய்யுங்கள்" என்று கிருமியின் தொழிற்சாலைக்குக் கட்டளை போகிறது. பட்ட காயமே அபாயச் சங்கு!

மனிதருக்கும் இதே மாதிரி தியாகப் புரதம் உண்டு. மூளையில் வரும் ஒருவகைப் புற்றுநோய்க்கு டெமோஸோலமைடு என்ற மருந்து கொடுக்கிறார்கள். புற்றணுவின் டி.என்.ஏ.யில் முடிச்சுப் போட்டு அதைக் கொல்லுவதுதான் மருந்தின் வேலை. சில நோயாளிகளின் புற்றணுவில் இந்தத் தியாகப் புரதம் உற்பத்தியாவதில்லை. அவர்களுக்கு மருந்து நன்றாகப் பிடிக்கிறது என்று 2005-இல் தெரிந்தது. கிருமியிடம் கற்ற பாடம் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு வந்துவிட்டது.

மூன்று காவலர்களும் ஒரு குடும்பமும்

நாம் சுவாசிக்கும் பிராணவாயு உயிர் கொடுக்கிறது. இரும்பில் துருவையும் ஏற்றுகிறது. டி.என்.ஏ.க்கும் அதே வரமும் அதே சாபமும். பிராணவாயுவின் உக்கிரமான வடிவங்கள் குவானைனைத் தாக்கினால் அது துருப்பிடித்த குவானைன் ஆகிறது. சைட்டோஸினோடு சேர வேண்டியது, அடினைனோடும் சிரித்துப் பேச ஆரம்பித்துவிடும்.

ஈ. கோலி இதற்கு மூன்று காவலர்களை வைத்திருக்கிறது. முதற் காவலன் 'மியூட்-டி'. இன்னும் டி.என்.ஏ.யில் சேராமல் வெளியே காத்திருக்கும் எழுத்துக்களில் துருப்பிடித்ததைக் கண்டால் அங்கேயே செல்லாக்காசாக்கிவிடும். வாசற் காவல். இந்தக் காவலன் இல்லாத ஈ. கோலியில் பிழைகள் மலிந்து கிடப்பதை 1954-லேயே கண்டார்கள்; காரணம் விளங்கியது 1992-இல்! இரண்டாம் காவலன் 'மியூட்-எம்'. டி.என்.ஏ.க்குள்ளேயே துருப்பிடித்த குவானைனைக் கொத்தி எடுக்கும்.

மூன்றாம் காவலன் 'மியூட்-வை'யின் சாமர்த்தியந்தான் எல்லாவற்றிலும் பெரிது. முதல் இருவரையும் ஏமாற்றிவிட்டுத் துருப்பிடித்த குவானைன் தங்கிவிட்டது. பிரதி எடுக்கும்போது எதிரே தவறாக அடினைன் வந்து உட்கார்ந்துவிட்டது என்று வையுங்கள். இப்போது துருவை எடுத்தால் அனர்த்தம்! ஏனென்றால் எதிரே இருக்கிற அடினைனைப் பார்த்துத் தப்பான எழுத்தைத்தான் வைப்பார்கள். ஆகவே மியூட்-வை துருவைத் தொடுவதில்லை. எந்தக் குற்றமும் செய்யாத, முழு ஆரோக்கியமான அடினைனைத்தான் எடுக்கிறது. இடம் தப்பு என்பதே அதன் குற்றம். அங்கே சைட்டோஸின் வந்து அமர்ந்த பிறகு, இரண்டாம் காவலன் சாவகாசமாக வந்து துருவை நீக்குவான்.

"இதெல்லாம் கிருமிக்கு வேண்டியது, குடும்பஸ்தர்களான நமக்கு என்ன?" என்று கேட்பவர்களுக்கு ஒரு சம்பவம் சொல்ல வேண்டும்.

பிரிட்டனில் ஒரு குடும்பம். உடன்பிறந்தவர்களில் மூன்று பேருக்குப் பெருங்குடலில் கட்டிகள் தோன்றின. பரம்பரையாக இப்படி வருவதற்குக் காரணம் என்று அதுவரை தெரிந்திருந்த ஜீன்களைப் பரிசோதித்தார்கள். பிறவிக் கோளாறு எதுவும் அகப்படவில்லை. கார்டிஃப் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் கட்டியிலுள்ள டி.என்.ஏ.யை எழுத்து எழுத்தாகப் படித்தார்கள். அங்கிருந்த பிழைகளில் பெரும்பாலானவை ஒரே ஜாதி: குவானைன் இருக்க வேண்டிய இடத்தில் தைமைன். கிருமி ஆராய்ச்சி படித்தவர்களுக்கு அந்தக் கைரேகை நன்றாகத் தெரியும். மியூட்-வை இல்லாத ஈ. கோலி விட்டுச் செல்லும் கைரேகை அல்லவா அது!

உடனே மனிதனில் மியூட்-வைக்குச் சமமான ஜீனைப் பார்த்தார்கள். சந்தேகம் சரியாகப் போயிற்று. தாய் கொடுத்த பிரதி, தந்தை கொடுத்த பிரதி இரண்டிலும் அந்த ஜீன் பழுதாகியிருந்தது. மூன்றாம் காவலன் இல்லாத வீடு! 2002-இல் இது வெளியாயிற்று. அதன் பிறகு இப்படிப்பட்ட குடும்பங்களில் ஒருவருக்கு நோய் என்று தெரிந்தால், உடன்பிறந்தவர்களையும் பரிசோதித்துப் பார்க்க வழி பிறந்தது. இரண்டு பிரதிகளும் பழுது என்று தெரிந்தவர்கள் குழாய்க் கருவி மூலம் குடலை அவ்வப்போது பார்த்துக்கொண்டால், கட்டி சிறியதாக இருக்கும்போதே அகற்றிவிடலாம். குடல் கிருமியிடம் கற்ற அற்பப் பாடம், குடல் நோயிலிருந்து மனிதரைக் காப்பாற்றுகிறது.

2015-ஆம் வருஷத்து ரசாயன நோபல் பரிசு லிண்டாலுக்கும் சன்ஜாருக்கும், பிரதி எடுக்கையில் நேரும் பிழைகளைத் திருத்தும் முறையை ஈ. கோலியில் விளக்கிய பால் மாட்ரிச்சுக்கும் பங்கிட்டு அளிக்கப்பட்டது. மூவருக்கும் உதவிய ஈ. கோலிக்குப் பரிசில் பங்கு கொடுக்க விதி இல்லை, என்ன செய்வது!

இவ்வளவு காவல் இருந்தும் சில பிழைகள் தப்பிவிடத்தான் செய்கின்றன. அவற்றில் பல நமக்குத் தெரியாமலே போகும். சில நோயாக வரும். மிகச் சில, கோடிக் கணக்கான வருஷங்களில், புதிய புதிய ஜீவராசிகள் தோன்றக் காரணமாக இருந்திருக்கின்றன. பிழையே இல்லாத பிரதியாக உயிர் ஏடு இருந்திருந்தால் கிருமி கிருமியாகவே இருந்திருக்கும். இதை எழுதவும் படிக்கவும் ஆள் இருந்திருக்காது.

ஆனால் அந்தத் தத்துவத்தை நம்பிப் பட்டறைக்கு வீண் வேலை வைக்க வேண்டியதில்லை. உச்சி வெயிலில் குடை பிடிப்பதும், புகையிலையை விட்டொழிப்பதும் அந்தத் தொழிலாளிகளின் சுமையைக் கொஞ்சம் குறைக்கும். நாம் தூங்கும்போதும் அவர்களுக்கு விடுமுறை கிடையாது. இந்தக் கட்டுரையை நீங்கள் படித்து முடிப்பதற்குள் உங்கள் உயிரணுக்களில் பல எழுத்துக்கள் உதிர்ந்திருக்கும். அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துத் திருத்தும் வேலை இப்போதும் நடந்துகொண்டிருக்கிறது.